வலது பெட்டியில் வளைச் சத்தம்

உப்பிலிக்கு ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்தது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். செங்கல்பட்டு சப்-கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி, தலைமைக் குமாஸ்தாவாக, அதாவது சிரஸ்தாராக ஓய்வு பெற்று, மாமல்லபுரத்தில் அப்பா விட்டுப்போன வீட்டைப் பழுதுபார்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்த மனுஷர். அறுபது வயதில் மற்றவர்கள் முழங்கால் வலிக்குத் தைலம் தேடுவார்கள். இவர் ஊர் ஊராகப் போய், "சின்ன ஸ்பீக்கரா ஒரு ஜோடி வேணும். பியானோ கேக்கணும்" என்று கடைக்காரர்களின் உயிரை எடுத்தார்.

வீட்டில் பியானோ ஒலிநாடா எத்தனை இருந்தது என்கிறீர்கள்? ஒன்றே ஒன்று. அதிலும் ஒரு பக்கத்தில் நாலரை நிமிஷம். அந்த நாலரை நிமிஷத்துக்காகத்தான் இத்தனை அலைச்சல். காரணம், அது அவர் பெண் சுப்ரஜா வாசித்தது. பதின்மூன்று வயதில் போய்விட்ட பெண்.

வைஷ்ணவக் குடும்பத்தில் பியானோ எங்கிருந்து வந்தது என்று கேட்காத உறவினர் கிடையாது. உப்பிலி வேலைக்குச் சேர்ந்த புதிதில், கையெழுத்துக்காகக் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஜட்ஜ் பங்களாவுக்குப் போவார். உள்ளே ஜட்ஜின் மனைவி பியானோ வாசித்துக்கொண்டிருப்பாள். வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு மணி நேரம் கூட நின்றிருக்கிறார். உட்காரச் சொல்ல ஆளில்லை. அந்த வராந்தாவில் நின்று நின்றுதான் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: தன் வீட்டிலும் இந்தச் சத்தம் ஒருநாள் கேட்கவேண்டும். இசை மேல் வந்த ஆசையா, வராந்தாவில் நிற்கவைத்ததன் மேல் வந்த ரோஷமா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

அவர் மனைவி கோதை பாட்டு தெரிந்தவள். பெண்ணுக்கு ஐந்து வயதிலேயே மடியில் உட்காரவைத்துத் தாளம் போடச் சொல்லிக்கொடுத்தாள். சுப்ரஜா நன்றாகவே பாடினாள். அதை உப்பிலி காதில் வாங்கினால்தானே? "பாட்டு எல்லாரும்தான் பாடறா" என்று சொல்லிவிட்டு, தொண்ணூற்று இரண்டில் ஒரு சனிக்கிழமை, ஒன்பது வயதுப் பெண்ணை ரயில்வே காலனியில் இருந்த டிக்ரூஸ் டீச்சரிடம் கொண்டுபோய் விட்டார். ரயில் டிரைவரின் விதவை. வீட்டுக் கூடத்தில் பழைய பியானோ ஒன்று வைத்துக்கொண்டு நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த முதல் நாளுக்கு அப்புறம் உப்பிலி அந்த வாசலை மிதிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் கோதைதான் அழைத்துப்போய், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்து, அழைத்துவருவாள்.

வீட்டில் பழக வேண்டாமா? பியானோ வாங்க அவர் என்ன ஜட்ஜா? கோர்ட்டில் கேஸ் கட்டுக்கு வைக்கும் தடி அட்டைகளை ஒட்டி, பேனா மையால் வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை எல்லாம் அளவாக வரைந்து, சாப்பாட்டு மேஜைமேல் ஆணி அடித்துப் பொருத்திவிட்டார். பெண் தினமும் ஒரு மணி நேரம் அந்த ஊமை அட்டைமேல் விரல் ஓட்டவேண்டும். பக்கத்தில் இவர் மர ஸ்கேலோடு உட்கார்ந்திருப்பார். "தப்பு" என்பார். விரல் முட்டியில் ஒன்று விழும். சத்தமே வராத அட்டையில் எது தப்பு, எது சரி என்று இவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாராம். சாட்சிக் கூண்டில் நிற்கிறவன் பொய் சொல்கிறானா என்று இருபது வருஷம் பார்த்துப் பழகின கண்ணாம்.

சுப்ரஜாவுக்கு ஒரு பழக்கம். டீச்சர் சொல்லும் 'ஒன் டூ த்ரீ ஃபோர்' அவளுக்குப் பிடிபடாது. கையைத் தொடையில் தட்டி, சுண்டுவிரல் மோதிரவிரல் நடுவிரல் எண்ணி, தட்டித் திருப்பி, தட்டித் திருப்பி, அம்மா சொல்லிக்கொடுத்த ஆதிதாளத்தில் போட்டுப் பார்த்தால்தான் எந்த மெட்டும் உள்ளே போகும். "இது என்ன கச்சேரியா? தொடையில தட்டாதே!" என்று அதற்கும் ஸ்கேல் விழுந்தது.

கெட்ட தகப்பன் என்று முத்திரை குத்திவிட வேண்டாம். சிங்கப்பெருமாள் கோயில் உற்சவத்தில் பச்சைக் கண்ணாடி வளை அரை டஜன் வாங்கி, கைக்கு மூன்றாக அவரே போட்டுவிட்டார். அது உடையும்போதெல்லாம் அதே பச்சையைத் தேடி வாங்கினார். அன்பு இருந்தது. ஸ்கேலும் இருந்தது. பெண் இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தாள்.

தொண்ணூற்று ஆறு ஜூன் மாதம் டீச்சர் சொல்லியனுப்பினாள், இந்த வருஷமும் பெண்ணைப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது, இடது கை கூடவே வரவில்லை என்று. நான்கு வருஷம் ஆகியும் ஒரு துண்டுகூட முழுதாக வாசிக்க வரவில்லையா? உப்பிலிக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அடிக்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார். "ஒரு பாட்டு முழுசா தப்பில்லாம வாசிச்சுட்டு வந்து அப்புறம் எங்கிட்ட பேசு" என்று சொல்லி, பெண்ணோடு பேச்சை நிறுத்தினார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பன்னிரண்டு நாள். காப்பி டம்ளரைக் கொண்டுவந்து நீட்டுவாள், வாங்கிக்கொள்வார், முகத்தைப் பார்க்கமாட்டார். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "அப்பா, போயிட்டு வரேன்" என்று மூன்று முறை சொன்னாள். பேப்பரை மடக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பதின்மூன்றாம் நாள் சனிக்கிழமை. கோதையும் பெண்ணும் கிளாஸிலிருந்து திரும்பிவந்து ஒரு கேசட்டை அவர் முன்னால் வைத்தார்கள். டீச்சரின் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த பெரிய செட்டில் பதிவு பண்ணினதாம். "கொழந்தை முழுசா வாசிச்சிருக்கா. கேளுங்கோ" என்றாள் கோதை.

வீட்டில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரிக்கார்டர். போட்டார். கரகரவென்று இரைச்சலுக்குப் பின்னால் பியானோ. தடங்கல் இல்லை, இடறல் இல்லை. யாரோ ஜெர்மன்காரர் எழுதினதாம். நடுநடுவே மெல்லிசாக 'சிலுங்' என்று ஒரு வளைச் சத்தம்! கைக்கு மூன்று பச்சை வளை, கட்டைகள்மேல் ஓடும்போது ஒன்றோடொன்று உரசுகிறது. உப்பிலி ஸ்பீக்கருக்குக் கிட்டே காதைக் கொண்டுபோனார். முடிந்ததும் எழுந்துபோய்ப் பெண்ணின் தலையில் கை வைத்து, "நன்னா வாசிச்சிருக்கேடி" என்றார். நான்கு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

செப்டம்பரில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் நினைவு தப்பித் தப்பி வந்தது. மெட்ராஸ் கொண்டுபோனார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். நான்காம் நாள் சாயங்காலம் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். "அப்பா, அந்த கேசட்…" என்று ஆரம்பித்தாள். உப்பிலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தெனம் கேட்டுண்டுதான் இருக்கேன். எவ்வளவு நன்னா வாசிச்சிருக்கே! ஆத்துக்கு வந்து திரும்பவும் வாசிக்கலாம், இப்போ பேசாதே" என்றார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். களைப்பு என்று நினைத்தார். மறுநாள் விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

அப்புறம் பதினோரு வருஷம் அந்த மனுஷரைத் தாங்கிப் பிடித்தது அந்த நாலரை நிமிஷம்தான். திதிக்கு வரும் உறவுக்காரர்கள் இலையைவிட்டு எழுந்ததும் டேப்பைப் போடுவார். "அந்த வளைச் சத்தம் கேக்கறதா? அதான் எங்காத்துக் கொழந்தை. எக்ஸிபிட் நம்பர் ஒன்" என்பார், கோர்ட்டுப் பாஷையில். அந்த ஸ்கேல், அந்த அட்டை, அந்தப் பன்னிரண்டு நாள் எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்த ஒரே நியாயம் அது. கண்டித்தோம், அதனால்தான் குழந்தைக்கு வந்தது, கடைசியில் வாசித்துவிட்டல்லவா போனாள்! இந்த நினைப்பு இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் ஏது?

கோதை மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்க நிற்கமாட்டாள். இவர் பொத்தானை அழுத்துகிற சத்தம் கேட்டதும் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரத்தைப் போட்டுத் தேய்ப்பாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்ப்பாள். துக்கம் தாங்கவில்லை என்று முதலில் விட்டுவிட்டார். வருஷம் ஆக ஆக, பெற்றவளுக்கு இப்படி ஒரு கல்நெஞ்சா என்று உள்ளுக்குள் புகைந்தார்.

மாமல்லபுரத்துக்கு வந்தபின் வேறு தொல்லை. தெருவைச் சுற்றிச் சிற்பப் பட்டறைகள். காலை ஏழு மணிக்கு உளி ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை டக் டக் டக். போதாததற்குக் கல் அறுக்கும் மெஷின் வேறு கூவும். அந்த இரைச்சலில் பழைய டேப் ரிக்கார்டரும் நாடாவைத் தின்ன ஆரம்பித்தது. ஒருநாள் கேசட்டிலிருந்து நாடா குடலைப்போல் வெளியே வந்து தொங்கியது. உப்பிலி அதை அப்படியே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் தனகோடி என்று ஒருவர். ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து, கல்யாண மைக் செட் வைத்து, இப்போது ஸ்பீக்கர் கட்டி விற்கிறவர். கோர்ட்டு விழாக்களுக்கு மைக் போட்ட பழக்கம். நாடாவைப் பதமாக உள்ளே சுற்றி, சிடியில் ஏற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்.

"சார், இது ஸ்டீரியோ. ரெண்டு பக்கம் மைக்கு வச்ச செட்டுல புடிச்சிக்கிறாங்க. நீங்க இத்தினி வருசமா ஒரே பொட்டில போட்டு, எல்லாத்தையும் ஒண்ணா கொழப்பிக் கேட்டுகினு இருந்துக்கிறீங்க. இதுல இன்னும் எவ்ளோ கீது தெரியுமா?"

இதுதான் வினை. இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்றால்? அவள் மூச்சு இருக்குமோ? விரல் கட்டையில் படும் சத்தம் இருக்குமோ? உப்பிலி அன்றே பிடித்துக்கொண்டார். நல்ல ஸ்பீக்கர் வாங்கியே தீரவேண்டும்.

கூடுவாஞ்சேரியில் கண்ணாடிக் கதவு போட்ட புதுக் கடைக்குப் போனார். டை கட்டின பையன் ஆள் உயரப் பெட்டிகளைக் காட்டி, டிரம்ஸ் பாட்டு ஒன்றைப் போட்டு, தரை அதிர்கிறதா பாருங்கள் என்றான். "தரை எதுக்கப்பா அதிரணும்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார். மெட்ராஸ் ரிச்சி தெருவில் பதினேழு கடை ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் தன் சிடியைக் கொடுத்துப் போடச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு வளைச் சத்தத்துக்காகக் காத்திருப்பார். சில பெட்டியில் அது தகரத்தைத் தட்டினமாதிரி வரும். பலவற்றில் வராது. "இல்லை, இதுல கொழந்தை இல்லை" என்று எழுந்துவிடுவார். கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியில் தனகோடியிடமே வந்து நின்றார். "நான் அப்பவே சொல்லலாம்னு இருந்தேன் சார். நீங்கதான் நிக்காம ஓடினீங்க" என்று தனகோடி ஸ்டூலை இழுத்துப் போட்டார். "பியானோவுக்கு பூம் பூம்னு அடிக்கிற பொட்டி ஆவாது. அந்தக் கனத்த சவுண்டு எல்லாத்தையும் முழுங்கிடும். உங்க ரூமும் சின்னது. சின்னப் பொட்டியா, மரத்துல, நடு சவுண்டு சுத்தமா வர்றதா இருக்கணும். வூட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கேளுங்க. புடிக்கலன்னா எடுத்தாங்க, வேற தர்றேன்."

தனகோடியிடமே ஒரு சிடி பிளேயரும் வாங்கிவந்து வைத்தார். அப்படி இரண்டு ஜோடி வீட்டுக்கு வந்து திரும்பிப் போயின. முதல் ஜோடி பிளாஸ்டிக். பியானோ சின்னப் பிள்ளை விளையாட்டுச் சாமான்மாதிரி கேட்டது. இரண்டாவது, கீழே தனியாக ஒரு கனத்த பெட்டியோடு வந்தது. இடது கை ஸ்வரங்கள் உப்பி வளையை மூடிவிட்டன. ஒவ்வொரு முறை பெட்டி உள்ளே வரும்போதும் கோதை முகம் வெளுத்தது.

"ஏன்னா, இருந்ததே போறாதா? சிடியைப் பழைய செட்டுலயே எப்படியாவது போட்டுக்கக் கூடாதா?"

"அதுல பாதி கேக்கலைடி."

"கேட்டவரைக்கும் போறுமே."

உப்பிலிக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. "உனக்குக் கேக்கவே வேண்டாம்! பதினோரு வருஷமா பாத்துண்டுதான் இருக்கேன். கொழந்தை சத்தம் வந்தா கொல்லைப் பக்கம் ஓடறே. நீ பெத்தவதானா?"

கோதை அவிழ்ந்திருந்த முந்தானை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, சமையல் நடக்கும் தளிகை உள்ளுக்குள் போனாள். அன்று முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. இவரும் சமாதானம் சொல்லவில்லை. பேச்சை நிறுத்திப் பழகின மனுஷர்தானே!

மூன்றாவது ஜோடி ஆனி மாதக் கடைசியில் வந்தது. தேக்குப் பலகை. இரண்டு தடி அகராதியை ஒட்டி நிறுத்திவைத்த அளவு. தனகோடி தன் கையால் கட்டினது. பஸ்ஸில் ஏற்றிவிடும்போது ஆயிரம் பத்தியம் சொன்னார்: "செவுத்தோட ஒட்டி வைக்காதீங்க. காது மட்டத்துக்கு ஸ்டூல் போட்டு வையுங்க. ரெண்டு பொட்டி, நீங்க, மூணும் முக்கோணமா இருக்கணும். அப்பால கண்ண மூடிகினு கேளுங்க. அவங்க ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்து வாசிக்கிறமாதிரி இருக்கும்."

கேட்பதற்கு உப்பிலி நாள் குறித்துவைத்திருந்தார். மாமல்லபுரத்தில் அமாவாசையன்று சிற்பிகள் உளியைத் தொடமாட்டார்கள். பட்டறை எல்லாம் பூட்டு. மாதத்தில் அந்த ஒருநாள்தான் தெருவில் காகம் கத்துவது கேட்கும். காலையில் தர்ப்பணம் முடித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, நாலு மணிக்கு ஸ்டூல்களை நகர்த்த ஆரம்பித்தார்.

"நாளைக்குக் கேட்டா ஆகாதா?" என்று கோதை வாசற்படியில் நின்று கேட்டாள்.

"இன்னிக்குத்தாண்டி உளிச் சத்தம் இல்லை."

அவள் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி. நான் பெருமாளைச் சேவிச்சுட்டு வரேன்" என்று கிளம்பினாள். கட்டி வைத்திருந்த துளசியை எடுத்துக்கொள்ள மறந்துபோனாள்.

உப்பிலி ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, முக்கோணத்தின் மூன்றாவது முனையில் சாய்வு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினார்.

அடேயப்பா! பியானோ ஒரு பெட்டியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் இடப்பக்கமாக, காற்றில் நின்றது. கனத்த ஸ்வரம் தனி, மெல்லிய ஸ்வரம் தனி. மிதிகட்டை கிறீச்சிடுவதுகூடக் கேட்டது. தனகோடி வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அப்போது வளைச் சத்தம் வந்தது. சிலுங்.

வலது பெட்டியிலிருந்து வந்தது.

கண்ணைத் திறந்தார். பியானோ அங்கே. வளை இங்கே, ஜன்னலோரம். நடுவில் நாலு முழம் இடைவெளி. ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று எழுந்துபோய் இடது ஒயரை வலதிலும் வலது ஒயரை இடதிலுமாக மாற்றி, முதலிலிருந்து போட்டார். இப்போது வளை இடது கோடிக்குப் போயிற்று. பியானோ வலப்பக்கம் நகர்ந்தது. எப்படி மாற்றினாலும் இரண்டும் சேர்ந்து வரமாட்டேன் என்றன. பழையபடி ஒயரைப் பொருத்திவிட்டு, மூன்றாம் முறை போட்டார்.

ஒற்றை ஸ்பீக்கரில் எப்போதாவது ஒன்று என்று கேட்ட வளை, இதில் விடாமல் கேட்டது. சிலுங். அப்புறம் மூன்று எண்ணும் நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சிலுங், சிலுங், சிலுங், சிலுங். மறுபடியும் ஒன்று. மூன்று எண்ணிக்கை மௌனம். அப்புறம் நான்கு. அவரையறியாமல் அவர் கை தொடையில் எழுந்து விழுந்தது. தட்டு. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தட்டு, திருப்பு. தட்டு, திருப்பு. கை முழுசாக அசையும்போது வளை பேசுகிறது. விரல் மட்டும் எண்ணும்போது சும்மா இருக்கிறது. ஆதிதாளம்.

பெண் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு கையும் கட்டைமேல் இருக்கும்போது தாளம் போட மூன்றாவது கை எங்கிருந்து வரும்? சிரஸ்தார் உப்பிலிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வக்கீல் வேண்டியதில்லை. வாசித்தது டீச்சர். சுப்ரஜா வலப்பக்கம், அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, யாரோ வாசிப்பதற்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். எதைப் போடாதே என்று ஸ்கேலால் அடித்தாரோ, அதைத்தான் பதினோரு வருஷம் உறவுக்காரர்களுக்கெல்லாம் எக்ஸிபிட் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

நிறுத்தலாம் என்று ரிமோட்டைத் தேடினார். அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. பழைய டேப்பில் அதற்குமேல் வெறும் கரகரப்புத்தான். அந்த இடத்தில் எப்போதும் நிறுத்திவிடுவார். இப்போது நிறுத்தவில்லை. டீச்சர் ஸ்டூலை நகர்த்தி எழுகிற சத்தம். செருப்புச் சத்தம் செட்டை நோக்கி வந்தது. அதற்கு நடுவில், வலது பெட்டியில், ஜன்னலோரத்தில், ரகசியக் குரல்.

"அப்பாக்குத் தெரிஞ்சுடுமாம்மா?"

"தெரியாதுடி கண்ணா. பேசாம இரு."

டக் என்று பொத்தான் விழுந்தது. அவ்வளவுதான்.

பதினோரு வருஷத்துக்கு அப்புறம் பெண்ணின் குரலைக் கேட்கிறார். அவள் வாசித்தது வேண்டும் என்றுதான் ஊர் ஊராக அலைந்தார். கிடைத்தது இது. அவரைப் பார்த்துப் பயந்த குரல்.

பன்னிரண்டு நாள் பேசாமல் கிடந்த அப்பாவைப் பேசவைக்க, அம்மாவும் பெண்ணும் டீச்சரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இதைச் செய்திருக்கிறார்கள். தலையில் கை வைத்து நன்றாக வாசித்திருக்கிறாய் என்றபோது அவள் ஏன் குனிந்தாள் என்பது இப்போது விளங்கிற்று. ஆஸ்பத்திரியில் 'அந்த கேசட்' என்று எதற்கு ஆரம்பித்தாள் என்பதும் விளங்கிற்று. உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று குழந்தை வாயைத் திறந்தாள். இந்தப் பாவி, எவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறாய் என்று சொல்லி வாயை அடைத்தார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். உப்பிலி துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். முகம் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கிறவராம்!

கோதையை நினைத்துக்கொண்டார். குழந்தைக்குக் கொடுத்த வாக்கு. 'தெரியாதுடி கண்ணா.' அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றத்தான் இத்தனை வருஷம் குழாயைத் திறந்து, தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தாள். பெற்றவள்தானா என்று கேட்டதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவர் அன்றே சாய்ந்திருப்பார். அவள் சொல்லவில்லை.

வாசல் கதவு திறந்தது. கோதை. கோயிலில் கொடுத்த தீர்த்தத்தில் நனைந்த கை இன்னும் காயவில்லை. அவசரமாகத்தான் திரும்பியிருக்கவேண்டும். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"கேட்டேளா?"

"கேட்டேன்."

"எப்படி இருக்கு?"

உப்பிலி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் எத்தனையோ பேர் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொன்னதை எழுதியவர். தானே கூண்டில் ஏறினது அன்றைக்குத்தான்.

"பெரிசா ஒண்ணுமில்லை. தனகோடி அளக்கறான். பழைய டேப்புல கேட்டதுதான் இதுலயும் கேக்கறது."

"வேற… புதுசா ஒண்ணும் கேக்கலையா?"

"ஒண்ணும் கேக்கலை. கொழந்தை நன்னா வாசிச்சிருக்கா. அவ்வளவுதான். நாளைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடறேன்."

கோதை நீளமாக மூச்சு விட்டாள். தோள் தளர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவரைத் தாண்டித் தளிகை உள்ளுக்குப் போகிறவள், பாதியில் நின்றாள்.

அவருடைய வலது கை தொடைமேல் தட்டிக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியவில்லை. தட்டு. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தட்டு, திருப்பு. தட்டு, திருப்பு.

கோதை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் நாற்காலிக்குப் பக்கத்தில், வலது பெட்டியின் அடியில், தரையில் உட்கார்ந்துகொண்டாள். அன்று அவள் குழாயைத் திறக்கவில்லை.